பீரோவுக்குப் பின்னால் ஒரு பேக் ரெஸ்ட்

இந்தத் தடவை மலைக்குத் தனியாகத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டேன். நானும் பைக்கும் மட்டும். எங்கே நிறுத்துவது, எப்போது டீ குடிப்பது, எல்லாம் என் இஷ்டம். கல்யாணமானவர்களுக்கு இந்த ஏக்கம் புரியும்.

ஆனால் மனைவியிடம் "நீ வராதே" என்று சொல்லும் தைரியம் எனக்கு ஏது? அந்த வேலையை ஒரு பெட்டியிடம் ஒப்படைத்தேன். பைக்கின் பின்னால் ஒரு தகடு இருக்கிறது. அதில் சாமான் வைக்கிற டாப் பாக்ஸ் மாட்டலாம். இல்லையென்றால் பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள பேக் ரெஸ்ட் மாட்டலாம். இரண்டில் ஒன்றுதான். நான் பாக்ஸை மாட்டினேன். அது பின் சீட்டில் பாதியை விழுங்கிவிட்டது. செட்டோடு வந்த பேக் ரெஸ்ட்டை பீரோவுக்குப் பின்னால் சொருகினேன்.

"உனக்கு உட்கார இடமே இல்லாமப் போச்சும்மா. பெட்டியைக் கழட்டவும் முடியாதாம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டேன்.

பரவாயில்லை, போய்விட்டு வாருங்கள் என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாளே வந்தது வினை. பீரோவுக்குப் பின்னால் ஒட்டடையாம், நகர்த்தித் தர வேண்டுமாம். முதுகு பிடித்துக்கொண்டது என்று அங்கேயே சுவரில் சாய்ந்தேன். பாவம், நம்பித் தைலம் தேய்த்துவிட்டாள். சுகமாக முனகினேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வண்டியைப் பார்த்து, பெட்டி பிரமாதம் என்றுவிட்டார். புதுச் சாமான் வாங்கியவன் வாய் சும்மா இருக்குமா? பிடியை ஒரு தட்டுத் தட்டிப் பெட்டியைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். சின்னக் குழந்தைகூடக் கழற்றிவிடும் சார் என்று பீற்றிக்கொண்டேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளை நான் கவனிக்கவில்லை.

கிளம்பும் நாள் காலை குளித்துவிட்டு வந்தால், பீரோ அறைக்கு நடுவில் நிற்கிறது. பல் டாக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போகிறார். வாசலுக்கு ஓடினேன். டாப் பாக்ஸ் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் பேக் ரெஸ்ட். வண்டியின் இரண்டு பக்கமும் தொங்குகிற பெட்டிகளில் அவள் துணிமணி. முன் சீட்டில், ஹெல்மெட்டோடு அவள். கல்யாணத்துக்கு முன்பே தன் அப்பாவின் பைக்கை ஓட்டி லைசென்ஸ் வாங்கியவள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்பதை நான் வெளியே சொல்வதில்லை.

"நீ எதுக்கு முன்னாடி உக்காந்திருக்கே?"

"முதுகு பிடிச்சிருக்குன்னீங்களே. அவ்வளவு தூரம் ஓட்டினா என்னத்துக்கு ஆகும்? பின்னாடி சாஞ்சு உக்காருங்க."

"முதுகு இப்பச் சரியாயிடுச்சு."

"நல்லதாப் போச்சு. அப்ப பீரோவை உள்ளே தள்ளி வச்சுட்டு, கட்டிலையும் ஜன்னல் பக்கம் போட்டுடுங்க. அதுக்குள்ள நான் மலைக்குப் போயிட்டு வந்துடறேன்."

வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

முதுகைப் பிடித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். என் துணிப்பையை மடியில் கொடுத்தாள். பேக் ரெஸ்ட் மெத்தென்றுதான் இருக்கிறது. வழியில் டீ வேண்டுமென்றால் தோளைத் தட்டச் சொல்லியிருக்கிறாள்.