அயர்ன் கங்காணி முடிவெட்டிய வருஷம்

"இந்தப் பாட்டைப் போட்டீங்கன்னா நான் மண்டபத்துக்குள்ளயே வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்!"

ரவிச்சந்திரன் நிகழ்ச்சி நிரலை மேசையில் ஓங்கி அடித்தார். வெறும் தாள் என்பதால் சத்தம் வரவில்லை. அது கோபத்தை இன்னும் கிளப்பியது. பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கி ஓங்கி வைத்தார். இப்போது சரியாக இருந்தது.

மகள் ஷாமினி கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தாளில் முதல் வரி இப்படி இருந்தது: 'மணமகள் தந்தையின் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் நுழைதல். பாடல்: உன் நிழல் போதும். பாடியவர்கள்: அயர்ன் கங்காணி.'

"எல்லாரும் இதைத்தான்பா போடுறாங்க."

"எல்லாரும் போடுறாங்கன்னுதான் வேண்டாம்னு சொல்றேன்!"

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. காலையில் கோயிலில் தாலி, மதியம் சிரம்பானில் விருந்து. விருந்துக்குப் பெண்ணை அப்பா கைப்பிடித்து மேடைவரை நடத்திக்கொண்டு போகும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ரவிச்சந்திரனுக்குத் தெரியாது. ஆனால் அதற்காகப் புதுச் செருப்பு வாங்கி, வீட்டுக் கூடத்தில் நாலு தடவை நடந்தும் பார்த்திருந்தார்.

அயர்ன் கங்காணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எண்பத்தேழில், மலேசியாவின் நெகிரி மாநிலத்து ரப்பர் தோட்டப் பையன்கள் நாலு பேர் தோள்வரை முடி வளர்த்து ஆரம்பித்த மெட்டல் இசைக்குழு. முதல் கேசட்டின் பேர் 'ரத்தப்பால்'. அதில் 'பெரட்டு' என்று ஒரு பாட்டு; விடிகாலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அதைப் பற்றி. ஒன்பது நிமிஷம். எட்டு நிமிஷம் பாடகர் சுகுமாறன் கத்துவார், மீதி ஒரு நிமிஷம் இருமுவார். ரவிச்சந்திரன் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் இன்றைக்கும் காலை ஆறரைக்கு அதுதான். மம்பாவ் ஊர்ப் பிள்ளைகள் எதுவும் அந்தப் பேருந்தில் தூங்கியதாகச் சரித்திரம் கிடையாது.

தொண்ணூற்றைந்து தீபாவளிக்கு அந்த நாலு பேரும் முடிவெட்டிக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, போர்ட்டிக்சன் கடற்கரையில் ஆளுக்கொரு ரோஜாப்பூவோடு நின்று படம் எடுத்து, 'பன்னீர்த் துளி' என்று ஒரு கேசட் விட்டார்கள். இரண்டு காலாலும் டிரம்மை உதைத்து நெஞ்சு அதிர வைத்த ஹேமநாதன், கேசட் அட்டையில் சலங்கை கோத்த ஒரு சின்னத் தம்பரினை வைத்துக்கொண்டு சிரித்தார். 'உன் நிழல் போதும்' அதில்தான் வந்தது. நாடு முழுக்க ஓடியது. இன்னும் ஓடுகிறது.

அந்தச் சமயம் ரவிச்சந்திரனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தன் கல்யாணத்தில் 'ரத்தப்பால்' ஒலிக்கும், இல்லையென்றால் தாலி கட்டமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமனாராக வரவிருந்தவர் சுங்கை மெங்குவாங் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முருகேசு. அந்தச் சத்தம் கேட்டால் பெண்ணை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவர் பதிலுக்குச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் அசையவில்லை. பன்னீர்த் துளியைக் கேட்ட அன்றைக்கே ரவிச்சந்திரன் அதை ஆற்றில் வீசினார். கோபத்தில், இந்தக் குழுவின் பாட்டு எதுவுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாதஸ்வரக் கேசட்டோடு கல்யாணம் அமைதியாக நடந்தது.

"காசுக்காக முடிவெட்டினவனுங்க! என் கல்யாணத்துல ஒரு பாட்டு போடமுடியாம பண்ணிட்டானுங்க" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அஞ்சு நிமிசப் பாட்டுதானே, விடுங்களேன்" என்றாள் மனைவி தனலெட்சுமி, அடுக்களையிலிருந்து.

"நீ சும்மா இரு. அயர்ன் கங்காணியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

தனலெட்சுமி கத்தரிக்காயை நறுக்கினாள். கொஞ்சம் வேகமாகவே நறுக்கினாள்.

மறுநாள் ரவிச்சந்திரன் அம்பாங்கானில் இருக்கும் டீஜே குணாளனின் கடைக்குப் போனார். விருந்துக்குப் பாட்டுப் போடப்போகிறவன் அவன்தான்.

"அந்தப் பாட்டை எடுத்துடு."

"அங்கிள், அது இல்லாம நெகிரியில கல்யாணமே நடக்காது லா. போன மாசம் நீலாயில கரண்ட் போயிருச்சு. சனங்களே எந்திரிச்சுப் பாடுனாங்க."

"பெரட்டு போடு."

குணாளன் போட்டுப் பார்த்தான். கடைக் கண்ணாடி நடுங்கியது. பக்கத்துச் சலூன்காரர், பாதி சவரம் செய்த ஆளோடு வெளியே ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பொண்ணு எப்படி அங்கிள் நடந்து வரும்? ஓடித்தான் வரணும்."

ரவிச்சந்திரன் நகரவில்லை. குணாளன் கணினியிலிருந்து அந்தப் பூப்பாட்டை அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அழித்ததும் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தார். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் குணாளன் ஷாமினிக்குப் போன் பண்ணிவிட்டான்.

"அழிக்கச் சொன்னீங்களா?" ஷாமினியின் குரல் அப்படியே அப்பாவின் குரல். "சரி. இப்ப நுழையறப்ப ஒரு தடவை, கேக் வெட்டறப்ப ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை. மூணு தடவை போடச் சொல்லிட்டேன். நீங்க வரலன்னா பரவால்ல. மாமா கையைப் பிடிச்சிக்கிட்டு வரேன்."

மாமா என்றால் தனலெட்சுமியின் தம்பி. பன்னீர்த் துளி கேசட்டை நாலு வாங்கிய ஆசாமி. அவன் கையில் தன் மகள் கையா? அதைவிட, அவள் 'பரவால்ல' என்று சொன்னது சுருக்கென்று குத்தியது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் பள்ளி விடுகிற நேரம், பேருந்தை மரத்தடியில் நிறுத்திவிட்டு, அயர்ன் கங்காணியின் முகநூல் பக்கத்தில் எழுதினார்: 'முப்பத்தெட்டு வருட ரசிகன் எழுதுகிறேன். உங்கள் பூப்பாட்டு என் குடும்பத்தைப் பிரிக்கிறது. வரும் ஞாயிறு சிரம்பானில் நடக்கும் என் மகள் கல்யாண விருந்தில் அந்தப் பாட்டு ஒலிக்கக் கூடாது என்று நீங்களே அறிவிக்க வேண்டும். மானம் இருந்தால் செய்யுங்கள்.'

கடைசிப் பிள்ளையை இறக்கிவிடுவதற்குள் நாலாயிரம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். கீழே கருத்து எழுதியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: 'எங்கள் கல்யாணத்திலும் இதே பாட்டுதான் சார்.' கூடவே கல்யாணப் படம். மூன்று நாளைக்கு எந்தக் கடைக்குள் போனாலும் 'உன் நிழல் போதும்'தான். அவர் பேருந்திலேயே ஒரு ஒன்றாம் வகுப்புக் குட்டி அதை முணுமுணுத்தது. திட்டவும் முடியவில்லை, சுருதி சரியாக இருந்தது.

நாலாம் நாள் குழுவின் பதில் வந்தது. 'இப்படி ஒரு ரசிகருக்காக நாங்களே நேரில் வந்து பாடுகிறோம். கட்டணம் வேண்டாம். எங்கள் அன்பு.'

ரவிச்சந்திரன் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கைப்பேசியைச் சோபாவில் எறிந்தார். "வேண்டாம்னு சொன்னா நேர்லயே வரானுங்க! இவனுங்களுக்குத் தமிழ் புரியாதா?"

கையில் கரண்டியோடு ஓடிவந்தாள் தனலெட்சுமி. "அவங்களே வராங்களா? நாலு பேருமா? அந்த டிரம் அடிக்கிறவருமா?"

"உனக்கு என்ன இவ்வளவு சந்தோசம்?"

"ஒண்ணுமில்ல" என்றவள், மறுநாளே சிரம்பானுக்குப் போய் இன்னொரு புதுச் சேலை எடுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கென்று ஏற்கெனவே இரண்டு எடுத்திருந்தாள். சொந்த வீட்டிலேயே துரோகம் என்று ரவிச்சந்திரன் முடிவு செய்தார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. சனிக்கிழமை காலை பேருந்தை எடுத்துக்கொண்டு சி ரூசாவுக்குப் போனார். கடற்கரைச் சாலையில் சுகுமாறன் சுட்ட மீன் கடை வைத்திருந்தார். முடி மறுபடி தோள்வரை வளர்ந்திருந்தது, ஆனால் முழுக்க வெள்ளை. ரவிச்சந்திரன் சட்டைப் பையிலிருந்து பழைய 'ரத்தப்பால்' கேசட்டை எடுத்து நீட்டினார்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் உங்களைத் திட்டணும்."

"திட்டத்தான் எல்லாரும் வராங்க" என்று சுகுமாறன் மீன் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "ம், ஆரம்பிங்க."

"ஏன் முடிவெட்டினீங்க?"

"எங்க டிரம்மர் ஹேமாகிட்டக் கேளுங்க. எனக்கும் அப்ப இஷ்டமில்ல. அவன்தான் பிடிவாதம் பிடிச்சான்."

"நாளைக்குப் பெரட்டு பாடுங்க. பாடினா நான் உங்களை மன்னிச்சிடுறேன்."

சுகுமாறன் தொண்டையைத் தடவினார். "டாக்டர் கூடாதுன்னுட்டார் சார். இனி ஒரு தடவை பெரட்டு பாடினா, பேச்சே போயிடுமாம். இப்ப நிழல் ஒண்ணுதான் வருது."

ரவிச்சந்திரனுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று கோபமும் வந்தது. "அப்ப பாடாதீங்க!" என்று கத்தினார். மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உங்களுக்காக முழுப் பாட்டையும் பாடுறோம். கேசட்டுல வெட்டினதையும் சேர்த்துப் பதினோரு நிமிசம்" என்றார் சுகுமாறன் கனிவாக. "புல்லாங்குழல்லாம் வரும்."

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் அப்பாவாகச் செய்ய வேண்டியதையெல்லாம் ரவிச்சந்திரன் ஒழுங்காகச் செய்தார். கண்கூடக் கலங்கினார். மண்டபத்துக்கு வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் தன் பேருந்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். புதுச் செருப்பு வெயிலில் பளபளத்தது.

மண்டப வாசலில் ஷாமினி நின்றாள். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் மாமா சீப்பால் தலையைச் சீவிக்கொண்டிருந்தான். ரவிச்சந்திரனுக்கு அங்கே ஓடிப்போய் அந்தச் சீப்பைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போலிருந்தது. கால் மட்டும் நகரவில்லை.

தனலெட்சுமி புதுச் சேலையோடு வந்தாள். "பொண்ணு அழுதிடுவா. வாங்க."

"முடியாது. இத்தனை வருசம் சொன்ன சொல்லு."

அப்போது பக்கத்து வேனிலிருந்து டிரம் குச்சிகள் வைக்கும் பெட்டியை எடுக்க ஒரு பருத்த மனிதர் வந்தார். ஹேமநாதன். தலையில் முடியே இல்லை.

"பொண்ணோட அப்பாவா? உள்ள போகலையா சார்?"

"நீங்கதானே பிடிவாதம் பிடிச்சு முடிவெட்ட வச்சது?"

"ஆமா சார்."

"ரெண்டு பெரிய டிரம்மை விட்டுட்டுத் தம்பரினைத் தூக்கினீங்களே, கூசல?"

"கூசிச்சு. ஆனா ஒரு பொண்ணு அழுது அழுது கடுதாசி எழுதியிருந்துச்சு சார். கல்யாணம் நின்னுபோற நிலைமையாம். காப்பாத்தணும்னா ஒரே ஒரு மெதுவான பாட்டு பண்ணிக் கொடுங்கன்னு கேட்டுச்சு. எனக்கு மனசு தாங்கல. அந்தப் பொண்ணுக்காகத்தான் பண்ணோம். அது இவ்வளவு ஓடும்னு யார் கண்டா?"

ரவிச்சந்திரனுக்கு முகமெல்லாம் சிவந்தது. "எவளோ ஒருத்தி கல்யாணத்துக்காக எங்க அத்தனை பேரையும் கைவிட்டீங்களா? அவளுக்கு மூளை இருக்கா? அவளைக் கட்டிக்கப்போன மடையன் யாரு? அவனுக்காவது மூளை இருந்துச்சா?"

"போதுங்க" என்றாள் தனலெட்சுமி. "உள்ள போகலாம் வாங்க."

"நீ இரு! எனக்குத் தெரியணும். யாரு அவ? சொல்லுங்க!"

மண்டபத்துக்குள்ளே யாரோ புல்லாங்குழலைச் சரிபார்த்தார்கள். தனலெட்சுமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். ஹேமநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் பழுப்பேறிய ஒரு கடிதம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. விரலைக் கீழே கொண்டுபோய்க் கடைசி வரியைப் படித்தார்.

"தனலெட்சுமி, கிராணி வீடு, சுங்கை மெங்குவாங் தோட்டம்னு போட்டிருக்கு. நீங்க அந்தப் பக்கத்து ஆளாமே, உங்களுக்குத் தெரியுமா சார்? முப்பது வருசமா நாங்க நாலு பேரும் பேசிக்கிறோம்: கடைசியில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துச்சா, இல்லையா?"