பம்பு அண்ணனின் கறுப்பும் வெள்ளையும்

கீரனூரிலிருந்து மீமிசல் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் தெரு பம்பு அண்ணனைப் போல ஒரு துப்பாக்கிப் பைத்தியம் கிடைக்காது. பயப்பட வேண்டாம், அவரால் உயிருக்கு ஆபத்தில்லை, சட்டைக்குத்தான்.

மஸ்கட்டில் ஒரு பெயிண்ட்பால் மைதானத்தில் வேலை பார்த்தவர். சாயம் நிரப்பிய உருண்டைகளால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவார்களே, அதுதான். ஊர் திரும்பியதும் தன் தைலமரத் தோப்பில் அதே போல ஒன்று தொடங்கக் கிளம்பினார். “இது தேறலேன்னா திரும்ப மஸ்கட்டுதாங்க” என்னும்போது மட்டும் குரல் இறங்கும்.

துப்பாக்கி பம்பு வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒவ்வொரு குண்டுக்கும் முன்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். “சும்மா அமுக்கிக்கிட்டே இருந்தா அதுல என்னங்க இருக்கு? இழுத்துச் சுட்டாத்தான் யோசிச்சுச் சுடுவாங்க.”

மாதிரிக்கு இரண்டு வந்தன. கறுப்பு, குறி பிசகாது. ஆனால் வெயில் ஏறினால் உருண்டை குழலுக்குள்ளேயே உடைந்துவிடும். வெள்ளை, எந்த நிலையிலும் மக்கர் பண்ணாது. குண்டுதான் இரண்டு முழம் இடப்பக்கம் தள்ளிப் போகும்.

எதை வாங்குவது? இரண்டையும் மணலில் புரட்டினார். மாட்டுத்தொட்டியில் ஊறவைத்தார், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மொட்டைமாடியில் காயப்போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சும்மா நில்லுங்க சார். கறுப்புன்னா ஒங்க மேல படும், வெள்ளைன்னா படாது.”

நான் வெள்ளைக்கு ஓட்டுப் போட்டேன். அவர் ஏற்கவில்லை.

வடகம் காயப்போட மாடியில் இடமில்லாத அவர் மனைவி செல்விக்குப் பொறுமை போயிற்று. “ஆளுக்கொண்ணு எடுத்துக்குவோம். எது செயிக்குதோ அத வாங்குங்க.”

உச்சிவெயில். தோப்பில் இருவரும் முகக்கவசத்தோடு எதிரெதிரே நின்றார்கள். அண்ணன் கறுப்பை இழுத்து அமுக்கினார். புஸ்ஸென்று சத்தம், குழலிலிருந்து ரோஸ் சாயம் வழிந்தது.

“இரு, தொடச்சுக்கிறேன்.”

“நல்லாத் தொடைங்க” என்றபடி செல்வி சுட்டார். பக்கத்துத் தைலமரம் சிவந்தது. மறுபடி இழுத்தவர், துப்பாக்கியை வலப்பக்கமாகத் திருப்பினார்.

“நான் இங்கிட்டு நிக்கிறேன்” என்று அண்ணன் சிரித்து முடிப்பதற்குள் நடுநெஞ்சில் குண்டு உடைந்தது.

“எப்பவும் ஒரே பக்கமாத்தானே தப்புப் பண்ணுது. பழகிட்டாப் போச்சு. ஒங்களோட குடும்பம் நடத்தலையா?”

அண்ணன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். “பாத்தீங்களா சார், எங்க வீட்டு ஆளு சுட்டத.”

வெள்ளையையே வாங்குவதென்று முடிவாயிற்று. மறுநாள் காலை அதே சட்டையோடு திருச்சிக்குக் கிளம்பினார். பஸ்ஸே ஒதுங்கி உட்கார்ந்தது. அலுவலகம் போகும் நான் மட்டும், அவர் ஏறுவதற்கு முன்பே பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன்.