ஊதாத் துணியும் மூன்று போத்தல் பாசியும்

பேசாலை,
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வெள்ளி.

மதிப்புக்குரிய பேராசிரியை அருள்நாயகி அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மனைவி திரேசம்மாவும் நலம். உங்கள் நலத்துக்கும் செபிக்கிறோம். மகள் ஜெசிக்கா மட்டும் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பாசிப் போத்தல்களில் ஐதரசன் வாயு வராததால் ஆராய்ச்சியை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்களாம். அம்மா, பிழை அவளில் இல்லை, எங்கள் வீட்டில்.

உயிர்ப்புக்கு முந்தின பெரிய வாரத்துக்குப் பல்கலைக்கழகம் பூட்டியதால், காற்றுப் புகாமல் அடைத்த மூன்று போத்தல் பச்சைப் பாசியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள், நாலு நாள் கொழும்புக்குப் போகவேண்டி வந்து என்னிடம் ஒப்படைத்தாள். இருட்டில் கிடக்கிற பாசியில் திடீரென்று வெளிச்சம் பட்டால், தன் சாப்பாட்டுச் சமையலைத் தொடங்குவதற்குள் கைக்கு வந்த சக்தியை என்ன செய்வதென்று தெரியாமல் ஐதரசனாக விட்டுவிடுமாம். வெளிச்சம் நிலைத்தால் சமையலில் இறங்கிவிடும், ஐதரசன் நின்றுவிடும். அதனால் ஐந்து நிமிடம் கறுப்புத் துணியைப் போடு, ஐந்து நிமிடம் எடு, பகல் முழுக்க. இந்த வயதில் கதிரையால் எழும்பி எழும்பி முழங்கால் தேய்ந்துபோச்சுது. இரண்டாம் நாள் திரேசம்மா கறுப்புத் துணியைத் தோய்க்கப் போட்டுவிட்டு, பெரிய வாரத்தில் கோயில் சுரூபங்களை மூடுகிற வழக்கப்படி மூடி மிஞ்சின ஊதாத் துணியைப் போர்த்திவிட்டா. நான் கையை நீட்ட, "ஊதாத் துணி போட்டா உயிர்ப்புப் பாஸ்காவுக்குத்தான் எடுக்கிறது, தொடாதேங்கோ" என்று மறித்தா. பாசிக்கு ஏது பெரிய வாரம் என்று கேட்டுக் களைத்தேன். அயல் பெண்கள் இருவர் போத்தல்களுக்கு முன்னால் முழந்தாளில் நின்று செபித்துவிட்டும் போனார்கள். உள்ளே எந்தச் சுரூபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம் அவ சிலுவைப்பாதைக்குப் போகிற நேரம் மட்டும் களவாகத் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு பாசி கண்ட வெளிச்சம் அவ்வளவுதான்.

ஆகவே என் பிள்ளைக்கு இன்னொரு முறை தாங்கோ. உயிர்த்த ஆண்டவர் உங்களையும் உங்கள் ஆய்வுகூடத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
முப்பது வருடம் சங்கு குளித்த
அ. பஸ்ரியன்

பி.கு: கடிதத்தை மகளுக்குக் காட்டினேன். "நீங்கள் துணி தூக்கின நேரத்துக்குக் கொஞ்சமாவது வந்திருக்கவேணும். மூடியைத் தொட்டனீங்களோ அப்பா?" என்று கேட்டாள். இல்லையென்று சொல்லிவிட்டேன். காற்றிலிருக்கிற ஒட்சிசன் பட்டால் பாசிக்குள் ஐதரசன் உண்டாக்குகிற சாமான் கெட்டுப்போகும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னாள். நான் மூச்சடக்கிக் கடலுக்கடியில் கிடந்தவன் அம்மா. காற்றில்லாமல் ஒரு உயிர் கிடக்கிறதைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் மூன்று மூடியையும் கழற்றிக் கொஞ்ச நேரம் மூச்சு விடவிட்டனான். திரேசம்மாவைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிடுங்கோ. இதை நீங்களே மகளுக்குச் சொல்லுங்கோ, எனக்கு மூச்சு வராது.