குண்டு எழுத்து

பிரச்சினை என்னவென்றால், திங்கட்கிழமை காலை கலர் மாஸ்டரால் படிக்க முடிந்தது.

பெயின்ட் கடையின் பின்பக்கத்தில், வண்ணம் கலக்கும் இயந்திரத்தை ஒட்டி இருந்த கம்ப்யூட்டரை அவர் வழக்கம்போல வேண்டாவெறுப்பாகத்தான் போட்டார். திரையில் எழுத்துகள் எல்லாம் ஆளே மாறி நின்றன. அடிப்பாகம் தடித்து, ஒன்றை ஒன்று இடிக்காமல், வயிறு நிறையச் சாப்பிட்ட குண்டுக் குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்தது மாதிரி. முதல் வரியைப் பார்த்தார். அது ஆடவில்லை. இரண்டாவது வரியும் ஆடவில்லை. போன வாரம் கலந்து கொடுத்த நிறம் மிக அழகு, கலந்த கைக்கு நன்றி என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்ததை ஒரே மூச்சில் படித்து முடித்தார். கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஏனென்றால் மாஸ்டருக்கு எழுத்து ஆடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சோம்பேறி என்று வாத்தியார் காதைத் திருகினார். காது சிவந்ததே தவிர எழுத்து நின்றபாடில்லை. நிறம் மட்டும் அவருக்கு ஒருநாளும் ஆடியதில்லை. ஒரு சொட்டைக் கண்ணால் பார்த்தே அதில் எந்த நிறம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவந்தார். ஆர்டர் வந்தால், கையெல்லாம் பெயின்ட், யாராவது படியுங்கள் என்பார். கடையின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் கணக்கம்மா தன் திரையைப் பார்த்துக் கணீரென்று படிப்பார். வீட்டிலோ, கண் எரிகிறது, நீயே படி என்று மனைவியிடம் சொல்லிவிடுவார். அந்த அம்மாள் பாவம், கல்யாணமான நாளிலிருந்து அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

விஷயம் ஒருமுறை வெளியே வந்தால் மாஸ்டர் என்ற மரியாதை போய்விடும், வெறும் 'ஏய்'தான் மிஞ்சும் என்பது அவருடைய தீராத பயம். அந்தப் பயத்துக்கு நடுவில் கணக்கம்மா மகளின் பிரசவத்துக்காக நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டர் எப்போதுமே சுவர்ப் பக்கம் திரும்பித்தான் இருக்கும். கணக்கு என்றால் ரகசியம், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். போகும்போது அதைப் பூட்டி, மேலே துணியையும் போர்த்திவிட்டுப் போயிருந்தார். இனி ஆர்டர் எல்லாம் பின்பக்கத் திரைக்குத்தான் வரும். இனி யார் படிப்பது என்று மாஸ்டர் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து, படிக்கிற மாதிரி எழுத்து வந்து நிற்கிறது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். மாஸ்டர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தெய்வமே குறுக்கே வந்தாலும், உன்னை இங்கே அனுப்பியது யார் என்று கேட்கிற ரகம்.

தின்னர் டிரம்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டார்.

"அது ஒரு ஃபான்ட் சார். எழுத்து ஆடுதுன்னு சிரமப்படறவங்களுக்குன்னே செஞ்சது."

மாஸ்டர் டிரம்மோடு ஒட்டிக்கொண்டார். "யாரு போட்டது?"

"அதை நான் சொல்லக்கூடாது சார். டாக்டரும் நானும் ஒண்ணு. நோயாளி பேரை வெளியில சொல்ல மாட்டோம்."

"இங்க யாருய்யா நோயாளி?" என்று மாஸ்டர் கிசுகிசுப்பாகவே சீறினார். உடனே அதை எடுத்துவிட வேண்டும், எடுக்கச் சொன்னது யார் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

"உங்க பேரும் வெளியில வராது சார்," என்றார் கம்ப்யூட்டர்காரர். இருந்த இடத்திலிருந்தே அவர் என்னவோ செய்ய, திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. குண்டு எழுத்துகள் மறைந்தன. கலந்த கைக்கு வந்த நன்றி பழையபடி நெளிய ஆரம்பித்தது. மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே விடுதிக்கு அனுப்பியது போல மனசு கிடந்து தவித்தது.

அன்றைய ஆர்டர்களைக் கடை வண்டியின் டிரைவர்தான் படித்தார். படித்துவிட்டு, "கண்ணாடியை மாத்துங்க மாஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போனார். சாதாரணமாகச் சொன்ன பேச்சுதான். ஆனால் மாஸ்டர் அதை மதியம் வரை மென்றுகொண்டே இருந்தார். இவன் எதற்குக் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறான்? இவனுக்கு என்ன தெரியும்? இனி இவனிடம் படிக்கச் சொல்வதில்லை என்று முடிவு கட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை குண்டு எழுத்து திரும்பி வந்திருந்தது.

மாஸ்டர் மறுபடியும் டிரம்முக்குப் பின்னால் போனார். கம்ப்யூட்டர்காரர் பெருமூச்சு விட்டு, எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன், போடச் சொன்னால் போடுகிறேன், எனக்கென்ன என்று எடுத்துக்கொடுத்தார். டிரைவரைக் கூப்பிட மனமில்லாமல், ஆடுகிற எழுத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து மாஸ்டர் இரண்டு ஆர்டர்களை அனுப்பினார். பல் மருத்துவருக்குப் போக வேண்டிய வெள்ளை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிற்று. உடற்பயிற்சிக் கூடத்து ஆரஞ்சு பல் மருத்துவருக்குப் போயிற்று. பல் மருத்துவர் வீட்டம்மா போனில் பேசிய பேச்சில் முதலாளிக்கே பல் கூசிவிட்டது.

முதலாளி கண்ணியமான மனிதர். எதையும் தானே படிக்க மாட்டார். "படிச்சுக் காட்டுங்க," என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இருந்தால் இப்படியொரு கம்பீரம் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் பல தடவை பொறாமைப்பட்டிருக்கிறார். அந்த மனிதர் அன்றைக்கு என்னவோ முகம் வெளுத்துப்போய், கடையில் எல்லோரையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார். தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று மாஸ்டர் பயந்தார்.

கிளம்பும்போது ஒரு வேலை செய்தார். கெட்டியான எண்ணெய்ப் பெயின்ட்டில் கருநீலம் கலந்து, கறுப்பு மவுஸின் பக்கவாட்டில், கட்டை விரல் படுகிற இடத்தில் மெல்லத் தடவினார். இரண்டு நாள் காயாத பெயின்ட். கையில் பட்டால் தோல் உரிந்தாலும் நிறம் போகாது. விடிந்ததும் எவன் கை நீலமோ அவன்தான் திருடன்.

புதன்கிழமை காலை குண்டு எழுத்து இருந்தது. மவுஸில் பெயின்ட் கலைந்திருந்தது. மாஸ்டர் விறுவிறுவென்று கை பார்க்கக் கிளம்பினார். டிரைவரின் கையில் நீலம் இருந்தது. சிவப்பும் இருந்தது, மஞ்சளும் இருந்தது. டின் தூக்குகிறவன் கையில் இல்லாத நிறம் எது? முதலாளியின் கையைப் பார்க்க முடியவில்லை. வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, இடது கையால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கும் பெரிய மனிதர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று மாஸ்டர் எண்ணிக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, யோசனையில் மவுஸைப் பிடித்தார். இப்போது கடையிலேயே சந்தேகமில்லாமல் நீலக் கை உள்ளவர் அவர்தான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இந்தத் தடவை கம்ப்யூட்டர்காரரையும் நம்பாமல் தானே ஃபான்ட்டை அழிக்கப் புறப்பட்டார். முந்தின இரண்டு நாளும் அம்புக்குறி போன வழியை மனப்பாடமாக வைத்திருந்தார். அந்த வழியே போனார். வரிசையாக இருந்தவற்றில் எது குண்டு எழுத்து என்று தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அழித்தார். திரை முழுக்க எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வந்து நின்றன. படிக்கத் தெரிந்தவனும் தெரியாதவனும் அதன் முன்னால் ஒன்றுதான் என்று ஒரு நிமிடம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிமிடம்தான் முதலாளியின் குரல் முன்பக்கமிருந்து வந்தது. ஆஸ்பத்திரி ஆர்டர் பின்பக்கத் திரைக்கு வந்திருக்கிறதாம், அவசரமாம், கலந்து அனுப்ப வேண்டுமாம். மாஸ்டர் கட்டங்களை உற்றுப் பார்த்தார். பிறகு புத்தியைத் தீட்டினார். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரி வெளிர்பச்சையைத் தவிர வேறு நிறம் அடித்திருக்கிறது? கண்ணளவிலேயே அற்புதமான வெளிர்பச்சை ஒன்றைக் கலந்து டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து நோயாளிகளுக்குக் குமட்டுகிறது, அதை மாற்றத்தான் ஆர்டரே கொடுத்தோம் என்றார் அங்கிருந்த மேலாளர். பாதிச் சுவர் அடித்தாகிவிட்டதாம். சரியான பெயின்ட் வரும் வரை வண்டியும் டிரைவரும் அங்கேயே இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்களாம். என்ன நிறம் என்று முதலாளி பணிவாகக் கேட்டதற்கு, மேலாளர் ஆர்டரைப் படமெடுத்து முதலாளியின் போனுக்கே அனுப்பிவிட்டு, "படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

முதலாளி போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார். கடையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"படிங்க மாஸ்டர்."

"கையெல்லாம் பெயின்ட், முதலாளி. நீங்களே படிங்க."

"போனை நான் பிடிச்சுக்கறேன். நீங்க படிங்க."

"கண்ணு எரியுது, முதலாளி."

இருவரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டரின் கண்ணெதிரே எழுத்துகள் கும்மாளம் போட்டன. ஆஸ்பத்திரி ஆர்டர் போனால் கடையின் பெயர் போகும். இனி ஒளிக்க இடமில்லை.

"எனக்கு எழுத்து ஆடும், முதலாளி," என்றார். "சின்ன வயசுலேருந்தே. அந்தக் குண்டு எழுத்தைத் தினமும் எடுத்தது நான்தான். எவனோ கண்டுபிடிச்சு, என்னை அசிங்கப்படுத்தத்தான் போட்டிருக்கான்னு நெனச்சேன். வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா அனுப்பிடுங்க."

முதலாளி போனை மேசையில் வைத்தார். பிறகு வலது கையைப் பையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தார். கட்டை விரல் முழுக்கக் கருநீலம்.

"எனக்கும் எழுத்து ஆடும் மாஸ்டர். தினமும் சீக்கிரமா வந்து போட்டது நான்தான்," என்றார். "எவனோ கண்டுபிடிச்சு, என்னைச் சிக்க வைக்கத்தான் எடுக்கறான்னு நெனச்சேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து மாஸ்டருக்கு அழுகையும் வந்தது, முதலாளிக்கு எதிரில் அழ அவர் வெட்கப்படவில்லை. ஆனால் சிரித்தால் சுவர் வெளுக்குமா? என்ன நிறம் என்று இன்னும் தெரியவில்லை.

"கணக்கம்மா இருக்கும்போது நமக்கு என்ன கவலை?" என்றார் முதலாளி. நல்ல வேளையாக ஒருவராவது படித்தவர் கடையில் இருக்கிறார் என்று மாஸ்டரும் நன்றியோடு தலையாட்டினார். முதலாளி படத்தை அப்படியே கணக்கம்மாவுக்கு அனுப்பி, போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் பச்சைக் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அம்மா, படம் வந்துச்சா? கலர் பேரை மட்டும் படிச்சுச் சொல்லுங்க, போதும்."

சிறிது நேரம் குழந்தை மட்டும்தான் பேசியது. பிறகு கணக்கம்மாவின் குரல் வந்தது. அதில் பழைய கணீர் இல்லை.

"படமா அனுப்பினா எனக்கு எப்படி சார் படிக்க வரும்? என் மேசையில அந்தத் துணியை எடுத்துட்டுப் பாருங்க, குண்டு குண்டா ஒரு எழுத்து இருக்கும். அதுல பாத்துத்தான் இத்தனை வருஷமும் உங்க ரெண்டு பேருக்கும் படிச்சேன்."