மிடி அண்ணையின் ஓசன்னா

நேற்றுக் கொழும்பு ரயிலில் எதிரே இருந்தவரின் கைபேசியில் ஒரு கழுதை கத்தியது. நான் எழும்பி நின்றுவிட்டேன். கையில் குருத்தோலை இல்லாததுதான் குறை. பெட்டி முழுக்க என்னைப் பார்த்தது. பார்க்கட்டும். மன்னாரில் மிடி அண்ணை வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் முழங்கால் தானாக நிமிரும்.

உலகத்தில் வெறும் சத்தம் என்று ஒன்றுமில்லை, எல்லாம் மெட்டுத்தான் என்று நம்பிய ஒரே மனிதர் அவர். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாட வாய் திறந்தால் சுருதி வேலி பாய்ந்து ஓடும். ஆனால் ஒரு கணினி வைத்திருந்தார். முனகியதைப் பதிந்து கொடுத்தால், இறால் உரிப்பதுபோல அது குரலை உரித்துப் போட்டுவிட்டு, எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் சின்னச் சின்னக் கட்டைகளாகத் திரையில் அடுக்கும். அந்த வித்தைக்குப் பெயர் மிடி; ஊர் அதையே அவருக்கும் பெயராக்கிவிட்டது. அந்தக் கட்டைகளை வயலினிடம் கொடுத்தால் வயலின் வாசிக்கும். புல்லாங்குழலிடம் கொடுத்தால் புல்லாங்குழல் ஊதும்.

மீன்காரரின் ஹோர்ன், சோளகக் காற்றில் அடிபடும் தகரம், ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் மனைவி ஏசியதையே பதிந்து புல்லாங்குழலில் விட்டார். அகப்பையோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் இவ்வளவு வடிவாவா ஏசுறனான்?"

"இது பாதிதானப்பா. மிச்சத்துக்கு மேளம் வேணும்."

அவருக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. தன் மெட்டு ஒன்றை ஊர்ச்சனம் வேதக்கோயிலில் பாடவேண்டும். வருஷா வருஷம் தள்ளிக்கொண்டு வந்த பங்குச் சுவாமி கடைசியில் சொன்னார்: "குருத்தோலை ஞாயிறுக்கு ஒண்டு கொண்டு வாங்கோ. சரிவராட்டில் இனி இந்தக் கதையே எடுக்கக்கூடாது."

"தம்பி, பாட்டுக்கு வரி உங்கடை. முனகல் என்ரை" என்று அண்ணை என்னைப் பிடித்தார்.

பதிவுக்காக அண்ணையின் அறைச் சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்தோம். விசிறியை நிறுத்தியிருந்தோம், அதன் இரைச்சலும் கட்டையாக வந்து குந்திவிடும். வெக்கையில் மூச்சு முட்டி ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். மன்னாரில் ஜன்னல் திறந்தால் காற்று மட்டுமா வரும்? அண்ணை கண்ணை மூடி உச்சத்துக்கு ஏறுகையில், ஊர்த் தெருவெல்லாம் திரியும் கழுதைகளில் ஒன்று வேலியடியில் நின்று தானும் தொண்டையைத் திறந்தது.

கணினி பாரபட்சம் பார்க்கவில்லை. அண்ணையின் கட்டைகள் நண்டு ஓடின தடமாய்க் கோணலாய்க் கிடந்தன. நடுவில் கழுதையின் கட்டைகள் எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பின, அலையைப்போல.

"அழியுங்கோ அண்ணை."

"ஏன் அழிக்க? நான் வழுக்கின இடத்தில அதெல்லோ பிடிச்சுத் தூக்கியிருக்கு!"

அழிக்கவேயில்லை. அந்த ஏற்ற இறக்கத்துக்கு எத்தனையோ சொற்களை வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது ஒன்றுதான், குருத்தோலை ஏந்தி ஆண்டவரைப் புகழும் சொல்: ஓசன்னா.

வயலினில் கேட்ட சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். "மற்றதெல்லாம் பரவாயில்லை. இந்த ஓசன்னா... எப்பிடி உங்களுக்கு வந்தது?"

நான் அண்ணையின் காலை மிதித்தேன். கடவுள் தந்தார் என்று சொன்னால் காரியம் முடிந்தது. அண்ணையின் நெற்றியில் ஆசை வேர்த்து வழிந்தது.

"தவக்காலம், சுவாமி. பொய் சொல்லேலாது. அது என்ரை இல்லை. வேலியடிக் கழுதையின்ரை."

சுவாமி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"முதல் குருத்தோலை ஞாயிறில ஆண்டவரைச் சுமந்ததுக்கு ஒரு வரி குடுக்கக்கூடாதோ? பாடட்டும்!"

ஊர்வலம் எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது ஊரே ஓசன்னா எடுத்தது. வேலியடியிலிருந்து உடனே பதில் வந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த கண்ணோடு, தன் குருத்தோலையைக் கழுதையின் பக்கம் உயர்த்தி ஒருமுறை ஆட்டினார்.

வேலை மாறி நான் புறப்பட்ட அன்று பஸ் நிலையம் வரை வந்தார். பஸ் உறுமத் தொடங்கிவிட்டது.

"போயிட்டு வாறன், அண்ணை."

அவர் கைபேசியை என் வாயருகே நீட்டினார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ தம்பி. பஸ் இரைச்சலும் கிடக்கட்டும். ஒண்டையும் அழிக்கமாட்டன்."