மாப்பிள்ளை வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்ட விவரம்

அன்பும் பண்பும் அளவில்லாத பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு (பொறுமையை இந்தக் கடிதத்துக்காகச் சேர்த்திருக்கிறேன்),

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, என் மகள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நடுக்கடலில் நீங்களும், நீங்கள் கட்டி மேய்க்கும் கப்பல் எஞ்சினும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். உங்கள் மோட்டார் சைக்கிளும் சுகம். அதைத் தனி வரியில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் நடுவில் "ஏன் மாமா?" என்று கேட்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது.

நான் உங்களிடம் மகளை ஒப்படைத்தேன். நீங்கள் கப்பல் ஏறும்போது என்னிடம் வண்டியை ஒப்படைத்தீர்கள். "அப்பப்போ ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க மாமா, வேற எதையும் தொட வேண்டாம்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். நானும் தொடவில்லை. மாடிப்படிக்குக் கீழே அதன் பாட்டுக்கு நின்றது. போன வாரம் சும்மா நிற்கிறதே என்று தெருமுனை வரை ஓட்டிப் போனேன். பின்சக்கரத்துப் பக்கமிருந்து 'கறக் கறக்' என்று ஒரு சத்தம். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலையை மெல்கிற மாதிரி. குனிந்து பார்த்தால் செயின் சிவப்பாகத் துருவேறி, வறண்டு போய்க் கிடக்கிறது. என் மகளைப் பற்றி நான் உங்களிடம் புகார் சொல்ல நேர்ந்ததில்லை, உங்கள் வண்டியைப் பற்றி மட்டும் நீங்கள் என்னிடம் புகார் சொல்லும்படி ஆகலாமா? அந்த ரோஷத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நேரே முனைக்கடை மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. காலிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கெல்லாம் கடைக்கு வரணுமா சார்? சென்டர் ஸ்டாண்டு போடுங்க. பழைய பிரஷ்ஷால மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ங்க, சக்கரத்தைக் கையால சுத்திக்கிட்டே. நல்லாத் தொடைங்க. அப்புறம் உள்பக்கமா கியர் ஆயில் விடுங்க. அதிகமா விடாதீங்க, தெறிக்கும்" என்றது கால். நான் ஆபீஸில் காலமெல்லாம் சுருக்கெழுத்தராக இருந்தவன் இல்லையா, பழக்கதோஷத்தில் அப்படியே சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன். சுருக்கெழுத்தில் வேகம் வந்துவிட்டால் சின்னச் சின்னக் கோடெல்லாம் விட்டுப்போகும். 'விடாதீங்க' என்பதும் 'விடுங்க' என்பதும் என் கையெழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இதை இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு மறைத்ததாக ஆகக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. அதனால் வண்டியை ஹாலுக்குள் தள்ளிவந்து டிவிக்கு எதிரே நிறுத்தினேன். உங்கள் அத்தை பழைய பேப்பர் விரித்துக் கொடுத்தாள். "இந்த வீட்டுல உக்கார எடமில்லாம பண்ணுறதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி" என்று மட்டும் சொன்னாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பழைய பிரஷ் எதுவும் கிடைக்கவில்லை. நான் தலைக்குச் சாயம் பூசும் பிரஷ் பொருத்தமான அளவில் இருந்தது, அதை எடுத்தேன். நன்றாகவே தேய்த்தது மாப்பிள்ளை. அழுக்கு உருகி உருகி ஊற்றியது. ஒவ்வொரு கண்ணியும் வெள்ளிக் கொலுசு மாதிரி வெளியே வர, எனக்குக் கை நிற்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் ஒரு கண்ணியின் மேல் ஏதோ தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்குப் பொருக்கு என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அது பறந்த திசைகூடத் தெரியவில்லை. அது செயின் லாக் என்றும், செயினின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அதுதான் என்றும் எனக்கு யார் சொன்னார்கள்? காலும் சொல்லவில்லை.

ஏதோ ஒரு தகடுதானே என்று கை கழுவப் போனேன். நான் அந்தப் பக்கம் போனதும், பிடிப்பில்லாத செயின் மெல்ல வழுகித் தரையில் இறங்கி, சோபாவுக்கு அடியில் தலையை நீட்டிச் சுருண்டு படுத்துக்கொண்டது. மழை இருட்டு வேறு. அந்த இருட்டில் கறுப்பாக, மண்ணெண்ணெய் ஈரத்தின் மினுமினுப்போடு. நான் திரும்பி வரும்போது "பாம்பு! பாம்பு!" என்று ஓர் அலறல். அலறியது உங்கள் அத்தை. சோபா மேல் ஏறி நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தோடு சரிந்து விழப் பார்த்ததும் அவள்தான். நான் நிதானம் தவறவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

அலறல் கேட்டு மாடியிலிருந்து வீட்டு ஓனர் இறங்கி ஓடிவந்தார். எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார் போல, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் தடி. ஆள் தைரியசாலி, ஒப்புக்கொள்கிறேன். ஒரே போடு. இன்னொரு போடு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அய்யோ, அடிக்காதீங்க! அது எங்க மாப்பிள்ளையோடது!" என்று கத்திவிட்டேன். ஓனர் தடியை ஓங்கியபடியே நின்றார். "மாப்பிள்ளையோடதா? வளக்கிறாரா?" என்றார். நான் "ஆமா, உயிரா வச்சிருக்காரு" என்றேன். பதற்றத்தில் எது வாயில் வரும் என்று நமக்கா தெரியும்? (பதற்றம் என்று எழுதியது கைதவறி.) மாடியிலிருந்து ஓனர் மனைவி இதைக் காதால் கேட்டு, எதையும் கண்ணால் பார்க்காமல், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். நாங்கள் விளக்கைப் போட்டு ஓனருக்கு அது செயின்தான் என்று காட்டி முடிப்பதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, வாசலில் குடையோடு கூட்டம். அந்த வீட்டு மாப்பிள்ளை வெளிநாட்டுப் பாம்பு வளர்க்கிறாராம், கப்பலில் கொண்டுவந்தாராம். நீங்கள் ஊருக்கு வரும்போது யாராவது விலகி நடந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. முழங்கால் வரை பூட்ஸ் போட்ட அதிகாரி, நீளக் கொக்கியோடு இன்னொருவர். அதிகாரி உள்ளே வந்ததுமே "பாம்பை வச்சுக்க அனுமதி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் சோபாப் பக்கம் விரலை நீட்டினேன். கொக்கிக்காரர் மரியாதையாகச் செயினைத் தூக்கிப் பிடித்தார். அதிகாரி செயினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தலையைக் குனிந்து மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். "இதே மாடல் நானும் வச்சிருக்கேன் சார்" என்றார். குரலே மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். லாக்கைத் தேடச் சொன்னார். ஓனர், கொக்கிக்காரர், உங்கள் அத்தை, நான் எல்லோரும் நாலு காலில் தேடினோம். அது திரைச்சீலை மடிப்பில் இருந்தது. அவரே செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றி, லாக்கை மாட்டி, தொய்வு சரிதானா என்று விரலால் அழுத்தியும் பார்த்தார். நல்ல மனிதர். அவர் காப்பி குடிக்கப் போன இடைவெளியில்தான் நான் எண்ணெய் விட்டேன்.

குறிப்பைப் பார்த்தேன். 'அதிகமா விடுங்க' என்று தெளிவாக இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தேன். பிறகு உள்ளே நன்றாகப் பரவட்டும் என்று ஸ்டார்ட் செய்து, சென்டர் ஸ்டாண்டிலேயே கியர் போட்டு, லேசாக முறுக்கினேன். லேசாகத்தான் மாப்பிள்ளை. செயின் சுழன்றது பாருங்கள், வண்டிக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றின் மேலும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஒரு கறுப்புக் கோடு. கோடு தரையில் தொடங்கி, ஓனரின் வெள்ளைச் சட்டை வழியாக மூக்கு நுனிக்கு ஏறி, சுவரில் போய், கூரையில் மின்விசிறியைத் தொட்டு நின்றது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் மீதியை அது எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது. காப்பி டம்ளரோடு எட்டிப் பார்த்த அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், நெருப்பு ஏதும் இல்லைன்னு பாத்தேன். இப்ப இந்த வீட்டுல ஒரு தீக்குச்சி கிழிச்சாப் போதும்" என்றார்.

அப்புறம் மாலை வரை துடைத்தோம். ஓனர் சட்டையில்லாமல் ஏணி மேல் நின்று மின்விசிறியைத் துடைத்தார், வீடு அவருடையது என்பதால். ஆபீஸ் வேலையாக ஞாயிற்றுக்கிழமையும் வெளியே போயிருந்த உங்கள் மனைவி வந்து வாசலில் நின்று எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா, அவர் ஸ்டார்ட் மட்டும் பண்ணச் சொன்னாரு" என்றாள். "அதையும்தாம்மா பண்ணேன்" என்றேன். மழை விட்டதும் கொக்கிக்காரர் வண்டியை வெளியே இறக்கித் தந்தார். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை, சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகிறது. மெக்கானிக்கின் கால்கூட எட்டிப் பார்த்தது.

என்றாலும் எனக்கு உறுத்துகிறது. நம்பி விட்டுப்போன பொருளில் கை வைத்துவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்களும் நானும் "சாப்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. நமக்குள் முதல் பெரிய விஷயம் இப்படி அமைந்துவிட்டதே என்று வருத்தம். இனி அந்த வண்டியின் மேல் என் விரல் படாது. இது சத்தியம். நீங்கள் நீண்ட ஆயுளோடும், கலங்காத கடலோடும், கறுப்புக் கோடு படாத சட்டையோடும் வாழ மனமார வாழ்த்துகிறேன். கப்பலில் உள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்கு இன்னும் ஓரளவு உரிய மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் பிழை பார்க்கச் சொல்லி உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுக்கா ரெண்டு நாளா எழுதுனீங்க? நான்தான் எல்லாத்தையும் வீடியோ எடுத்து அன்னைக்கே மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டேனே" என்கிறாள். எஞ்சின் ரூம் ஆட்கள் மொத்தப் பேரும் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் போட்டுப் பார்க்கிறீர்களாமே. சோபா மேல் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது யார் என்று கேப்டன் கேட்டதற்கு, "எங்க மாமா சார்" என்று நீங்கள் எழுந்து நின்று சொன்னீர்களாம். படம் பிடித்தவள் படத்தில் எப்படி இருப்பாள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, நலம் விசாரித்த வரியையும் வாழ்த்தையும் மட்டும் வைத்துக்கொள்ளவும். சத்தியத்தையும் சேர்த்தே அடித்துவிடலாம். வரும் ஞாயிறு பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறேன். வெளிச்சம் நன்றாக விழும் பக்கமாக நிற்கச் சொல்லி உங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.