பெரிய மருமகளை வெள்ளிக்கிழமைக்குள் எழுப்பவும்

அன்பிற்குரிய மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் சுகம், புதுக் கண்ணாடி சுகம், உன் அக்காவும் சுகம்தான். அவள் என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டிக்கொண்டு, மேற்படி பதினோரு நாளுக்கும் முழுப் பொறுப்பு நீதான் என்பதை மரியாதையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிற ஒருவன் குடும்பத்தில் இருப்பது எனக்கும் பெருமைதான். ஒருவர் 'என்ன?' என்று கேட்டால் வீட்டிலிருக்கும் ஒன்பது பேரும் தனித்தனியாகத் திடுக்கிட்டுத் திரும்பி, ஆளுக்கு மூன்று முறை இடி இடித்த பிறகுதான் பதில் வரும் என்றாலும், அந்தப் பதிலைக் கேட்காமல் எழுந்து போக எனக்கும் மனம் வருவதில்லை. ஆனால் தீவிர சிகிச்சை வார்டில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக நின்றவன் வீட்டில், தினமும் ஏழரை மணிக்கு ஒரு பெண்ணைக் கோமாவில் கிடத்திவைத்தால் அவன் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பான்? உன் பெரிய மருமகள் மாடிப்படியில் உருண்டு விழுந்து நாற்பத்திரண்டு எபிசோட் ஆகிறது. உதட்டுச் சாயம் அழியவில்லை, தோடு கழலவில்லை, சலைன் பாட்டிலில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மூக்கில் வைத்திருக்கும் ஆக்சிஜன் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று மூன்று நாள் உற்றுப் பார்த்தேன். தலையணைக்கு அடியில் போகிறது. தலையணையிலிருந்து மூச்சு வாங்குகிறாள் உன் மருமகள்! இதைத்தான் சொன்னேன். உடனே உன் அக்கா, "டியூட்டி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ரவுண்ட்ஸ் போகாம சும்மா உட்கார்ந்து பாருங்க" என்றாள். அதுவரைக்கும்கூடப் பேச்சு இருந்தது பார்.

அப்புறம்தான் அந்த விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சி வந்தது. மூன்று மணி நேரம். உங்கள் சேனலில் ஓடும் அத்தனை தொடர்களின் ஆட்களையும் ஒரே பங்களாவில் அடைத்துவிட்டீர்கள். ஒரு தொடரில் கொலை செய்தவன் இன்னொரு தொடரின் போலீஸ்காரருக்கு ஐஸ்கிரீம் ஊட்டுகிறான். சரி, விருந்தென்றால் முன்னே பின்னே இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். திடீரென்று கதவு திறக்கிறது, மஞ்சள் உடையில் யார் ஆடிக்கொண்டு வருவது? கோமாவில் கிடக்கும் நம் பெரிய மருமகள்! கூடச் சேர்ந்து ஆடுவது யார்? போன வருஷம் கார் விபத்தில் செத்துப்போன அவள் மாமனார்! எனக்கு வந்த சிரிப்பில் குடித்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. "ஆவியா வந்தவரே இவ்வளவு நல்லா ஆடுறாரே" என்று சொல்லிக்கொண்டு திரும்பினால், உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணரை மாசமா அசையாம கிடந்தவ, இன்னைக்காவது எழுந்து நடக்கிறாளேன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருக்கேன். அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றாள்.

"அடியே, அது நடிப்பு. எழுதுறவனே உன் தம்பிதான்."

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? உங்க வார்டு வாசல்ல உட்கார்ந்திருந்தாங்களே, எப்ப எழுந்திருப்பாங்கன்னு கேட்டுக்கிட்டு. அவங்களைப் பார்த்தும் இப்படித்தான் சிரிச்சீங்களா?"

 கேட்ட கையோடு அவள் தன் குஷனைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாள் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஏழரை ஆனால் குஷனோடு இறங்குகிறாள், எட்டுக்குக் குஷனோடு ஏறுகிறாள். நடுவில் எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது.

நான் தனியாகப் பார்த்தேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்தார். "பார்த்தியா இவன் லட்சணத்தை" என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னேன். நாற்காலி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் குறை சொல்லி என்ன சுகம்? நாலாம் நாள் சும்மா பார்க்க ஆரம்பித்தேன். ஆறாம் நாள் அந்தக் கணவன்காரன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கிட்டேதான் இருக்கு. நீ வந்து திட்டுனாதான் பிளம்பரைக் கூப்பிடுவேன்" என்றானே, அங்கே நான் ஆடிப்போய்விட்டேன். இடி இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது எங்கள் வார்டில் ஐந்தாம் படுக்கையில் நினைவில்லாமல் கிடந்த பெண்ணின் கணவர், ஒரு பஸ் டிரைவர், தினமும் வந்து பேசினது. அதை நான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். நீ அப்போது காலேஜில் படித்துக்கொண்டு எங்களோடு இருந்தாய், தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கேட்டிருக்கிறாய் என்பது இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. அந்தப் பெண் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அதை அன்றைக்கு நான் உங்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

நேற்று மானத்தை விட்டுக் கீழே இறங்கினேன். டைப்பிஸ்ட் அம்மாள் கதவைத் திறந்து, "நல்ல நேரத்துல வந்தீங்க சார், சீக்கிரம் உள்ள வாங்க" என்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். உள்ளே உன் அக்காவைத் தவிர எட்டுப் பேர். பாதி அழுகை. தொலைக்காட்சியில் உன் மருமகள் தலைமாட்டு மெஷினில் பச்சைக் கோடு நேராகப் போகிறது, 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

"சார், கோடு இப்படி நேரா போனா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் மூன்றாம் மாடி தபால்காரர்.

என்ன அர்த்தமா? முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது. வாயைத் திறந்தேன். எட்டு முகம் என்னையே பார்க்கிறது. ஒன்பதாவதாக உன் அக்கா, என்னைப் பார்க்காமல், குஷனின் நூலைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒயர் லூஸா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. ஆளு நல்லா இருக்கா" என்றேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள கண்ணு முழிச்சிடுவா."

அறையே பெருமூச்சு விட்டது. தபால்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.  உன் அக்கா சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஆகையால் மைத்துனா, இதுவரை நான் சொன்ன குறைகளையெல்லாம் அடித்துவிடு. சலைன் இறங்காவிட்டால் போகட்டும். கட்டடம் முழுக்க உன் அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டான். இயக்குநர் காலில் விழுவாயோ, தயாரிப்பாளர் கையைப் பிடிப்பாயோ, வெள்ளிக்கிழமைக்குள் அவளை எழுப்பிவிடு. உன் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இப்போது நிற்பது அந்த ஒரு பெண்தான்.

உன் பேனா நிற்காமல் ஓடவும், உன் வீட்டில் எவரும் மாடிப்படியில் உருளாமல் இருக்கவும் வாழ்த்தி, உன் மனைவிக்கு என் விசாரிப்பும் குழந்தைக்கு என் முத்தமும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஒரு நாள் கடந்துவிட்டது. அதற்குள் அந்தப் பச்சைக் கோடு மறுபடி வளைந்து ஓட ஆரம்பித்துவிட்டது, உன் மருமகள் மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை. இன்று காலை உன் அக்கா பேசிவிட்டாள். "அவ கிட்னி எல்லாம் சரியா இருக்குமா? இத்தனை நாள் படுத்திருக்காளே" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் விளக்கினேன். நடுவில் இரண்டு முறை டீ வந்தது. சாயங்காலம் கீழ்வீட்டில் எனக்கென்று தனி நாற்காலி போட்டிருக்கிறார்கள். விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சார், நிலைமை எப்படி?" என்று கேட்கிறார்கள். டைப்பிஸ்ட் அம்மாள் குறிப்பே எடுக்கிறார். உன் மருமகள் எழுந்து உட்கார்ந்துவிட்டால் நாளைக்கு என்னை யார் கேட்பார்கள்? ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் அவர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். அந்தப் பெண் இன்னும் ஒரு ஆறு மாதம் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும். ஒரு நோயாளியைப் பற்றி என் வாயால் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.